தண்டபாணி தேசிகர், எம். எம். (1908–1972)

தேவார ஓதுவார், கருநாடக இசைப் பாடகர், திரைப்பட நடிகர், தமிழ்ப் பாடல்களுக்கு மெட்டமைத்தவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைக்கு 15 ஆண்டுகள் தலைமை தாங்கிய ஆசிரியர். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்காட்டங்குடியில் 27.8.1908 அன்று பிறந்தார், 26.6.1972 அன்று மறைந்தார். 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்தின் நாயகன் என்றுதான் பலருக்கு இவரைத் தெரியும். அந்தப் படம் தந்த புகழுக்குப் பின்னால் ஓதுவார் தேசிகரும் ஆசிரியர் தேசிகரும் மறைந்துபோனார்கள். இக்கட்டுரை அந்த இருவரையே கூடுதலாகப் பேசுகிறது.

வெள்ளாற்றங்கரையும் பாட்டும்

தேசிகர் ஆசிரியராக வந்து சேர்ந்த வட்டாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்த வேலையின் எடை புரியும். வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பு குறுக்குச் சாலையில் நின்றால் நாலு திசைக்கும் பேருந்து உண்டு. எந்தப் பேருந்தில் ஏறினாலும் தமிழ் இசை வரலாற்றின் ஓர் ஊரில் இறங்கலாம். மேற்கே விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூர். இன்று இராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் அந்த ஊர், சம்பந்தர் பாட யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த இடம். தெற்கே வீராணம் ஏரிக்கரையோடு போனால் காட்டுமன்னார்கோயில். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து, தம் மருமக்கள் இருவரைக் கொண்டு இசையோடு பாடவைத்த நாதமுனிகளின் ஊர். வடக்கே வடலூர், அந்தப் பக்கத்து மருதூரில்தான் 1823-இல் வள்ளலார் பிறந்தார். கிழக்கே புவனகிரியைத் தாண்டினால் தில்லை என்ற சிதம்பரம்.

தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அதைத் திறக்கவைத்ததையும், கறையான் தின்றது போக மிஞ்சியதை எடுத்துத் தொகுத்ததையும் ‘திருமுறை கண்ட புராணம்’ சொல்கிறது. அந்த மன்னன் முதலாம் இராசராசன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பலரும் கதையை அங்கேயே முடித்துவிடுவார்கள். ஏடு கிடைத்தது, எப்படிப் பாடுவது என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து பண்முறை வகுத்தார்கள் என்கிறது புராணம். அவள் பெயரை அது குறிக்கவில்லை. தேவாரத்துக்கு நமக்குத் தெரிந்த முதல் இசை ஆசிரியை அவள்தான். சேத்தியாத்தோப்புக்கு மேற்கேயிருந்து கிழக்கே நடந்த அந்தப் பாடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து, அதே தில்லையில் இன்னொரு வகுப்பு தொடங்கியது.

அண்ணாமலைநகர்

செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டில் இசைக் கல்லூரியும் வந்தது. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி, மாடு கழுவி, வெற்றிலை மடித்துக் கொடுத்து, அவருக்கு மனம் வந்த வேளையில் பாட்டு கற்ற காலம் அது. இசைக் கல்லூரியில் பாடத்திட்டம், மணி அடித்தால் வகுப்பு, முடிவில் தேர்வு, ‘சங்கீத பூஷணம்’ என்ற பட்டம் என்று வந்ததைப் பழைய வித்துவான்கள் ஐயத்தோடுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டத்தை 1932-இல் டைகர் வரதாச்சாரியாரும், 1933-இல் தஞ்சை க. பொன்னையா பிள்ளையும், 1934-இல் டி. எஸ். சபேசையரும் பெற்றார்கள். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் கலாநிதிகளும் அண்ணாமலைநகரில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். அவர்களிடம் படித்து வந்தவர்களில் ஒருவர் பின்னாளில் பெரும் இசை அறிஞராகப் பெயர்பெற்ற எஸ். இராமநாதன்.

தமிழிசை இயக்கம் வேர்விட்டதும் இங்கேதான். மேடையில் தெலுங்கும் வடமொழியுமே ஒலிக்கின்றன, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வருகிறது என்ற குறையைத் தீர்க்க அண்ணாமலைச் செட்டியார் பணம் ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. இராஜாஜி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார், ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலியோர் இயக்கத்துக்குத் துணைநின்றார்கள். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. 1949 முதல் அச்சங்கம் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ஈழத்து விபுலாநந்த அடிகள். பழந்தமிழ் யாழ்களைக் கணக்கோடு ஆராய்ந்த அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் அரங்கேறியது. யாழ்ப்பாணர் பிறந்த வட்டாரத்தில், அவர் வாசித்த கருவியை ஏட்டிலிருந்து மீட்க யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று கடல் தாண்டிய பரப்பிலிருந்து ஒருவர் வந்தார் என்பது நினைத்துப் பார்க்க இனிமையானது.

ஆசான்கள்

தேசிகர் பிறந்த திருச்செங்காட்டங்குடி, சிறுத்தொண்டரின் ஊர்; வாதாபி கணபதியோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஊர். ‘தேசிகர்’ என்பது திருமுறை பாடும் ஓதுவார் குடும்பங்களில் வழங்கும் பட்டம். தந்தை முத்தையா தேசிகரும், மாணிக்க தேசிகரும் அவருக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்துச் சட்டையப்ப நாயனக்காரரிடம் கற்றார். பிறகு வயலின் மேதை கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் (1898–1970) கருநாடக இசை பயின்றார்.

இந்த நால்வரில் வாய்ப்பாட்டுக் கச்சேரிக்காரர் ஒருவரும் இல்லை. ஓதுவாரிடம் கிடைப்பது சொல். நாயனக்காரரிடம் கிடைப்பது ராகம். நாகசுரத்தில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்க வேண்டும், அங்கே சொல்லின் துணை கிடையாது. வயலினில் கிடைப்பது சுருதியும் கமகமும்; விரல் ஒரு நூலளவு பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். தொண்டையை மட்டும் நம்பி வளர்ந்த பாடகருக்கும் இப்படி மூன்று வழியாக வந்தவருக்கும் வித்தியாசம் இருக்கும். ‘நந்தனார்’ பாடல்களை இன்று கேட்டாலும் அது தெரிகிறது. குரல் அடிவயிற்றிலிருந்து திறந்து வருகிறது; எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறது; மேலே போகும்போது மெலிவதில்லை. பிருகா மழைக்காக அவரைக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போலத்தான் கிடைக்கும். அதற்குள் ராகத்தின் முகத்தையும் பாட்டின் பொருளையும் காட்டிவிட வேண்டும். அது தேசிகருக்குக் கைவந்த கலை.

திரை

1935-இல் ‘பட்டினத்தார்’ படத்தில் தலைப்புப் பாத்திரமாக நடித்தார். படம் நன்றாக ஓடியது. தொடர்ந்து ‘வல்லாள மகாராஜா’ (1937), ‘தாயுமானவர்’ (1938), ‘மாணிக்கவாசகர்’ (1939), ‘நந்தனார்’ (1942), ‘திருமழிசை ஆழ்வார்’ (1948). பட்டியலைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே அடியார் வேடங்கள். பாடத் தெரிந்தவர்தான் நாயகன் என்ற காலம். திருமுறை மரபிலிருந்து வந்தவருக்கு நாயன்மார் வேடம் பொருந்தியதில் வியப்பில்லை. ஓர் ஆழ்வார் வேடத்தையும் அந்தச் சைவ ஓதுவார் விடவில்லை.

‘நந்தனார்’ ஜெமினி ஸ்டூடியோ எடுத்த படம், இயக்கம் முருகதாசா. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாட்டெழுதினார்கள். வேதியராகச் செருகளத்தூர் சாமா நடித்தார். இதே கதை 1935-இலும் வந்தது. அதில் நந்தனாராக நடிக்கக் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது அப்போது ஊர்ப் பேச்சு. இரண்டு படங்களுக்கும் தாய், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நந்தனை வதைக்கும் வேதியர் பாத்திரம் பாரதியார் சேர்த்தது. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அவர் கிடையாது. கதையில் நந்தன் தில்லைக்குப் போக ஏங்குகிறான். திரையில் அந்த ஏக்கத்தைப் பாடியவர் பத்து ஆண்டுக்குப் பின் தில்லைக்குப் பக்கத்திலேயே வேலைக்கு வந்தார். நந்தன் தெற்கு வாசல் வழியாக வந்தான் என்று ஊரார் இன்றும் காட்டும் கோபுரத்திலிருந்து அண்ணாமலைநகர் எட்டும் தூரம்தான்.

திருவையாற்றில்

1946-இல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். அதனால் மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்று பேசப்பட்டதாகச் செய்தி பரவி, பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் கடுமையாகக் கண்டித்தது. அங்கே அப்போது துணை ஆசிரியராக இருந்த மு. கருணாநிதி ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் எழுதினார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓதுவாருக்காகக் கடவுள் மறுப்பு இதழ் வரிந்துகட்டிய விந்தை அது. தமிழிசை இயக்கத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறார்கள்; மக்கள் நினைவில் தங்கியது இந்த ஒரு மேடைதான். இந்தப் பூசல் 1946-உடன் தீர்ந்துவிடவில்லை. தில்லைச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடத் தமிழ்நாடு அரசு 2008-இல் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

மெட்டுகள்

பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவர் தேசிகர். 1951-இல் ‘ஓர் இரவு’ படத்தில் அது இடம்பெற்றது. இன்று கச்சேரிகளில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்களில் மெட்டுக்காரர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. தேஷ் வடநாட்டிலிருந்து வந்த ராகம். பண்ணில் ஊறிய ஓதுவார் அதைத் தீண்டத் தயங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாமே எழுதி இசையமைத்த பாடல்களிலும் இதே துணிவு தெரியும். ‘என்னை நீ மறவாதே’ அமிர்தவர்ஷினி. ‘அருள வேண்டும் தாயே’ சாரமதி. ‘தாமதம் தகாதையா’ மோகனகல்யாணி. கடைசியில் சொன்ன ராகம் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் புது ராகம்: ஏறும்போது மோகனம், இறங்கும்போது கல்யாணி. பழைய பண்ணைக் காக்க வந்தவர் என்று மட்டும் அவரை வைத்துவிட்டால் இந்தப் பாடல்களுக்கு இடமில்லாமல் போகும். தமிழில் பாட எல்லா ராகத்திலும் உருப்படி வேண்டும் என்பது அவர் செயலில் தெரியும் எண்ணம். தேவாரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரக் கச்சேரியை நிரப்ப முடியாது என்பது மேடை ஏறிய எவருக்கும் தெரியும்.

வகுப்பறை

1950-களில் தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைப் பொறுப்புக்கு வந்தார். படத்தில் நடித்துப் பேர் வாங்கியவர் மணி அடித்தால் வகுப்புக்குப் போகும் வேலையில் 15 ஆண்டு இருந்தார் என்பதே அவர் குணத்தைச் சொல்லும்.

ஓதுவார் மரபிலிருந்து இசைக் கல்லூரிக்கு ஒருவர் வரும்போது என்ன மாறுகிறது? முதலில் சொல். தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ‘மலை’ என்ற சொல்லில் முதல் எழுத்தை இழுத்தால் ‘மாலை’ ஆகிவிடும். இழுக்க வேண்டியது இரண்டாம் எழுத்தை. ‘பட்டு’ என்பதில் ஒற்றை விழுங்கினால் ‘படு’ என்று கேட்கும். அர்த்தம் புரியாத மொழியில் கீர்த்தனை பாடிப் பழகிய வாய்க்கு இந்தக் கவலை இருக்காது; ராகம் எங்கே நீள்கிறதோ அங்கே எழுத்தும் நீளும். பதிகம் பாடும் ஓதுவாருக்கு அந்த உரிமை இல்லை. எதிரே நிற்கிற பக்தர் பதிகத்தை மனப்பாடமாக அறிந்தவர். ஓர் எழுத்து பிசகினால் முகத்தைச் சுளிப்பார். ஆகவே முதலில் பாட்டை வாய்விட்டுப் படித்து, சீர் பிரித்து, மூச்சு எங்கே வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகே பண்ணுக்குப் போவது ஓதுவார் பயிற்சியின் ஒழுங்கு.

அடுத்தது தாளம். தேவாரத்தைத் தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். கோயிலில் பூசை முடிந்து ஓதுவார் கையில் குழித்தாளத்தோடு நின்று தொடங்கும்போது இரண்டும் மாறி மாறி வரும். சுத்தாங்கத்தில் எண்ணிக்கையின் ஊன்றுகோல் கிடையாது. செய்யுளின் நடையே பாடுகிறவரைக் கொண்டுசெல்ல வேண்டும். கச்சேரி விருத்தம் பாடுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

மூன்றாவது, பண்ணும் ராகமும். மூவர் தேவாரத்தில் 23 பண்கள் கையாளப்பட்டிருப்பதாகக் கணக்கு. ஓதுவார் வழக்கில் பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், தக்கேசி காம்போதியாகவும், கௌசிகம் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுகின்றன. இந்தப் பொருத்தம் யாழ்ப்பாணர் காலத்திலிருந்தே அப்படியே வந்தது என்று அடித்துச் சொல்வது மிகை. சில பண்களுக்கு ஊருக்கு ஊர் ராகம் மாறுவதும் உண்டு. ஆனால் இந்த வழக்கு இருப்பதால்தான் ‘காம்போதி’ என்று கற்ற மாணவர் கோயிலில் தக்கேசியைக் கேட்டதும் தன் ராகம் என்று அடையாளம் கண்டுகொள்கிறார். இசைக் கல்லூரிக்கும் கோயில் மண்டபத்துக்கும் நடுவே இருந்த சுவரில் அது ஒரு வாசல். அந்த வாசலில் இரண்டு பக்கமும் பழகிய ஆள் ஒருவர் நிற்பது, புத்தகத்தில் பட்டியல் போட்டுக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

கல்லூரி வகுப்புக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ஆண்குரல் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். பெண்குரல் ஐந்து, ஐந்தரை. இரு சாராரையும் ஒரே தம்புராவுக்கு முன் உட்காரவைத்தால் யாராவது ஒருவர் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். குருகுலத்தில் குரு ஒரு குரலை மட்டும் பார்த்தால் போதும். இங்கே ஒரு பாட்டை அத்தனை பேருக்கும் பொதுவாகச் செதுக்க வேண்டும். இசைக் கல்லூரிகள் மேடைப் பாடகரைவிட நல்ல ஆசிரியர்களையே அதிகம் உண்டாக்கின என்று குறை சொல்வார்கள். அது குறையா என்பதே என் கேள்வி. கிராமத்துப் பள்ளியில் இசை ஆசிரியராகவும் கோயிலில் ஓதுவாராகவும் போனவர்கள் இல்லாவிட்டால் சபாக்களுக்கு வெளியே இந்தப் பாட்டு இருந்திருக்காது.

மதிப்பு

தமிழ் இசைச் சங்கம் 1957-இல் தேசிகருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. சங்கீத கலாநிதி பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கால இசை உலகம் எப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தது என்பது விளங்கும். அவருக்கு ஆசானான இராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948-இல் கலாநிதி கிடைத்தது.

கச்சேரிப் பாடகர் என்ற அளவில் அவரை அரியக்குடியோடும் ஜி. என். பாலசுப்பிரமணியத்தோடும் ஒரே வரிசையில் வைப்பவர்கள் அதிகம் இல்லை, நானும் வைக்கமாட்டேன். அவர்கள் கச்சேரி என்ற வடிவத்தையே வகுத்தவர்கள். தேசிகரின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கோயிலில் ஓதுவார் பாடுவது வழிபாடு, மேடையில் வித்துவான் பாடுவது இசை என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், ஒரே தொண்டையால் இரண்டையும் பாடி, திரையிலும் பாடி, அதைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த நாலையும் சேர்த்துச் செய்தவர்கள் அரிது.

தேசிகரிடம் 1960-களில் படித்தவர்களுக்கு இப்போது எண்பது வயதையொட்டி இருக்கும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அவர்கள் வீட்டுப் பரணில் சுரக்குறிப்பு எழுதிய பாடநோட்டுகள் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு படி கொடுங்கள். பாடிக் காட்ட முடிகிறவர்கள் வீட்டில் இருந்தால், கைபேசியிலாவது பதிவு செய்துவையுங்கள்.